எனக்கு மட்டும் வீட்டோ

இனிமேல் இந்த வீட்டில் என் பேச்சுதான் செல்லும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தே முக்கால் மணிக்கு முடிவெடுத்தேன். அப்போது நான் பால்கனியில் மண்டியிட்டு ஒரு ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருந்தேன். வீராவேசமான முடிவுகளை எடுக்க மண்டியிட்ட நிலை தோதானதல்ல. ஆனால் கோபத்துக்கு இடம் பொருள் ஏவல் ஏது?

ஸ்க்ரூ எனக்குக் கிடைக்கவில்லை. கீழ்வீட்டு ரிடையர்டு வாத்தியாருக்குக் கிடைத்துவிட்டது. தலையில்தான். 'டொக்' என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். தலையில் ஹெல்மெட், கையில் பூவாளி, முகத்தில் ருத்ரமூர்த்தி.

"இந்த மாசத்துல இது பதினேழாவது சார்!"

"மன்னிச்சுக்குங்க சார். காத்து ஜாஸ்தி."

"காத்துல இலை விழும். ஸ்க்ரூவா விழும்?"

"மேஜை சீக்கிரம் உள்ள போயிடும் சார்."

"ஏழு மாசமா இதையேதான் சொல்றீங்க. செடிக்குத் தண்ணி ஊத்த ஹெல்மெட் போட்டுட்டு வர்ற ஒரே ஆள் உலகத்துலயே நான்தான். மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் வீட்டு ஓனருக்கு எழுதிக் கொடுத்துடுவேன். அந்தப் பால்கனியில நீங்க ஒரு ஊசிகூட வைக்க முடியாது!"

மாசக் கடைசிக்குப் பதினோரு நாள்தான் இருந்தது.

நான் ஒரு துணி ஃபேக்டரியில் தையல் மெஷின் மெக்கானிக். பகல் முழுக்க முந்நூறு மெஷின்கள் ஒரே நேரத்தில் கத்துகிற ஹாலில் நடந்துகொண்டே இருப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து போடும் பழைய மெஷின்களை என் மேஜையில் வைத்துப் பிரிப்பேன். அந்த மேஜையை நானே செய்தேன். பன்னிரண்டு இழுப்பறைகள். எந்த இழுப்பறையில் எந்த ஊசி என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். பதினேழு வருஷமாக முன்பக்கத்துச் சின்ன அறையில், ஜன்னலுக்குக் கீழே இருந்தது. ஒரு நாளில் அந்த இரண்டு மணி நேரம்தான் என்னை யாரும் எதுவும் கேட்காத நேரம். அந்த மேஜை எனக்கு அவ்வளவு முக்கியம்.

அந்த அறைக்குத்தான் என் மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். வேலை தேடி வந்தவன். "ரெண்டே ரெண்டு வாரம்தாங்க" என்றாள் மனைவி. அன்றிலிருந்து என் மனதுக்குள் அவன் பெயர் 'ரெண்டு வாரம்'தான். ரெண்டு வாரத்துக்கு ஒரு கட்டில் வந்தது. கட்டில் உள்ளே போனதும் மேஜை வெளியே போனது. ஏழு மாதமாயிற்று. கட்டில் இப்போது என் மேஜை நின்ற இடத்தில் கால் நீட்டிக்கொண்டு, அதன்மேல் அவனும் கால் நீட்டிக்கொண்டு, என் மேஜை மட்டும் வெயிலிலும் சாரலிலும் ஊறிப்போய், பன்னிரண்டு இழுப்பறைகளில் ஏழு இப்போது திறப்பதே இல்லை.

சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். சண்டை போட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் சண்டை போட்டால் வாக்கெடுப்பு நடக்கும். இது மனைவி கொண்டுவந்த ஏற்பாடு. 'கலந்து பேசி முடிவெடுக்கற குடும்பம்' என்று அவள் அக்காவிடம் ஃபோனில் பெருமை பேசுவாள். மேஜை உள்ளே வரலாமா என்று நான் கேட்டபோதெல்லாம் வாக்கெடுப்பு நடந்தது. என் பக்கம் நான். அந்தப் பக்கம் மனைவி, பத்தாவது படிக்கும் மகள், ரெண்டு வாரம்.

"விருந்தாளிக்கு எதுக்கு ஓட்டு?" என்று கத்தினேன்.

"ஏழு மாசமா இருக்கறவன் விருந்தாளியா?" என்றாள் மனைவி.

"அதைத்தானே நானும் கேக்கறேன்!"

"அப்போ ஒத்துக்கறீங்க. அவன் விருந்தாளி இல்ல. கை தூக்கு தம்பி."

மூன்றுக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் மூன்றுக்கு ஒன்று.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம்தான் எனக்கு ஓர் ஆயுதம் கிடைத்தது. ஃபேக்டரி கேன்டீனில் மூன்று மாதமாக ஃபேன் ஓடவில்லை. சோற்றில் பாதி வியர்வை. புது ஃபேன் போட வேண்டும் என்று கேன்டீன் கமிட்டியில் எட்டுப் பேர் கை தூக்கினோம். மேனேஜர் பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். கூட்டம் முடிந்துவிட்டது. எனக்கு ரத்தம் கொதித்தது. பக்கத்தில் இருந்த சங்கச் செயலாளரைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, எட்டுக்கு ஒண்ணு! எப்படிண்ணே நாம தோத்தோம்?"

"அவருக்கு வீட்டோ இருக்குப்பா."

"அப்படின்னா?"

"நான் தடுக்கறேன்னு அர்த்தம். லத்தீன்ல இருந்து வந்த வார்த்தை. பெரிய பெரிய சபையில எல்லாம் உண்டு. ஊரே கை தூக்கினாலும் சரி, வீட்டோ வச்சிருக்கற ஒருத்தர் வேண்டாம்னுட்டா, வேண்டாம்தான்."

"காரணம் சொல்லணுமா?"

"அவசியமில்ல."

"எத்தனை தடவை வேணா சொல்லலாமா?"

"சொல்லலாம். ஆனா ஒண்ணுப்பா, அதை வச்சுக்கிட்டு..."

அவர் முடிப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். என்னைப் பற்றி இப்படி ஒரு குறை சொல்வார்கள்: யார் பேசினாலும் பாதிக்கு மேல் கேட்க மாட்டேனாம். மெஷின் மெக்கானிக்குக்கு அது குறையா? இரண்டு தையல் ஓடும்போதே கோளாறு எங்கே என்று சத்தத்தில் தெரிந்துவிடும். முழுக்க ஓடட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் ஊசி முறியும். இருபத்திரண்டு வருஷத் தொழில். மனிதர்களிடமும் அப்படியே பழகிவிட்டது.

ஆக, அன்று மாலை பால்கனியிலிருந்து எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, நேரே கூடத்துக்குப் போனேன். மூன்று பேரும் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை அணைத்தேன்.

"இன்னிலேருந்து எனக்கு வீட்டோ!"

"அது என்னங்க, மாத்திரையா?" என்றாள் மனைவி.

விளக்கினேன். மேனேஜரைப் பற்றிச் சொன்னேன், சபைகளைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்தது. "இந்த வீட்டுக்கு வாடகை ஒப்பந்தத்துல யார் பேரு? என் பேரு. கரண்ட் போனா யாரைக் கூப்பிடறீங்க? என்னை. குழாய் ஒழுகினா? நான். மேஜை வெளியில போகணும்னா மட்டும் மூணு பேரும் கை தூக்குவீங்களா? இனிமே நான் வேண்டாம்னா வேண்டாம். அவ்வளவுதான்!"

பூகம்பம் வரும் என்று எதிர்பார்த்தேன். மனைவி "சரிங்க" என்றாள்.

"என்ன சரி?"

"வச்சுக்குங்க. உங்களுக்கு மட்டும்தான். எங்களுக்கு வேண்டாம்."

அந்த இடத்திலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். பதினெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் முதல் தடவையிலேயே 'சரிங்க' என்று சொன்னது அதுவரை ஒரே ஒரு முறைதான், கல்யாணத்தன்று. அதற்கு நான் கொடுத்துவரும் விலை உங்களுக்குத் தெரியும்.

"ஆனா எழுதி வச்சுக்கலாம். நாளைக்குப் பேச்சு மாறக்கூடாது பாருங்க" என்றாள். மகள் தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். முதல் விதி: அப்பா வீட்டோ சொன்னால் அந்த யோசனை அத்தோடு முடிந்தது.

"அப்புறம் உங்க மனசு மாறினா?" என்று மனைவி சாதுவாகக் கேட்டாள்.

"மாறாது! நீ கெஞ்சினா மாறும்னு பார்க்கறியா? ஒருதரம் சொன்னா சொன்னதுதான். நானே வந்து கேட்டாலும் திரும்ப எடுக்க முடியாதுன்னு எழுதும்மா!"

எழுதினாள். இரண்டாவது விதி. கையெழுத்துப் போட்டேன். போட்ட கையோடு, கட்டிலை நோக்கி நழுவிக்கொண்டிருந்தவனைச் சுட்டிக்காட்டினேன்.

"முதல் வீட்டோ! இவன் இந்த வீட்டுல இருக்கக்கூடாது!"

"அது முடியாதுப்பா" என்றாள் மகள்.

"ஏன் முடியாது?"

"யாராவது ஒண்ணு செய்யலாமான்னு கேட்டாத்தானே நீங்க வேண்டாம்னு சொல்ல முடியும்? மாமா இங்க இருக்கறது யோசனையா? அது ஏற்கெனவே நடந்துக்கிட்டிருக்கே."

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாமான்னு யாரும் கேக்கலையே அத்தான்" என்றான் ரெண்டு வாரம், பணிவாக. அந்தப் பணிவைக் கண்டால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் அவன் வாயாலேயே வழியைக் காட்டிக் கொடுத்துவிட்டான். யாராவது கேட்க வேண்டும். இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு, 'என்னங்க, தம்பி இன்னும் ஒரு மாசம் அந்த ரூம்லயே இருக்கட்டுமா' என்று இவள் கேட்டுத்தானே ஆக வேண்டும்? கேட்கட்டும். அந்த நொடியில் போட்டுத் தாக்குகிறேன். காத்திருந்தேன்.

காத்திருந்த நேரத்தில் ஆயுதத்தைத் தீட்டிக்கொண்டேன். புதன்கிழமை சோபாவை மாற்ற யோசனை வந்தது. வீட்டோ. வியாழக்கிழமை மனைவி தன் அக்கா வீட்டுக்கு நாலு நாள் போகலாமா என்று கேட்டாள். வீட்டோ. வெள்ளிக்கிழமை மகள் பூனை வளர்க்க ஆசைப்பட்டாள். வீட்டோ. பூனை விஷயத்தில் கொஞ்சம் மனசு கஷ்டப்பட்டது. ஆனால் அதிகாரம் என்றால் அப்படித்தான். மூன்று நாளில் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்துவிட்டது.

ஒரே ஒரு தொல்லை. என் மனைவி பேச்சின் முதல் பாதியில் யோசனையை வைப்பாள், இரண்டாம் பாதியில் வெல்லத்தை வைப்பாள். "சோபாவை மாத்திடலாமான்னு பார்க்கறேன், எனக்காக இல்ல, பாவம் நீங்க பகல் பூரா நின்னுட்டு வர்றீங்க, முதுகு சாய ஒரு நல்ல சோபா வேண்டாமா..." என்று இழுப்பாள். அந்த வெல்லம் காதில் விழுந்தால் நான் தொலைந்தேன். ஆகவே சனிக்கிழமை மூன்றாவது விதியை நானே சொல்லி எழுதவைத்தேன்: பேச்சு முடியும்வரை அப்பா காத்திருக்க வேண்டியதில்லை, பாதியில் சொன்னாலும் வீட்டோ செல்லும்.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்றாள் மனைவி.

"யோசிக்க என்ன இருக்கு? எழுதும்மா!"

அடுத்த வாரம் வீட்டில் சில விஷயங்கள் நடந்தன. ரெண்டு வாரம் முகச்சவரம் செய்துகொண்டான். பாலீஷ் போட்ட ஷூவோடு காலையில் வெளியே போனான். மனைவி அவன் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டாள். இவையெல்லாம் என் கண்ணில் பட்டன, மூளைக்குப் போகவில்லை. எனக்கு ஒரே கவலை, மாசக் கடைசி. கீழே வாத்தியார் தினமும் விரலை மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். ஐந்து. நாலு. மூன்று. இவளோ கேட்கவேண்டியதைக் கேட்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை. ஃபேக்டரியில் ஒரே நாளில் பதினொரு மெஷின் பெல்ட் அறுந்தது. சூப்பர்வைசர் எல்லார் எதிரிலும் என்னைக் காய்ச்சினார். கேன்டீனில் வியர்வைச் சோறு. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி வாசலுக்கே வந்தாள். பின்னால் மகள், கையில் நோட்டு. அதற்குப் பின்னால் அவன்.

"என்னங்க, தம்பி அந்த ரூம்ல..."

வந்துவிட்டது! பத்து நாள் காத்திருந்த வார்த்தை. ஏழு மாதக் கோபம் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடுகிற மாதிரி கத்தினேன்.

"வீட்டோ!"

"முழுசாக் கேட்டுட்டு..."

"வீட்டோ! வீட்டோ! மூணாவது விதி!"

"சரிங்க" என்றாள் மனைவி. மகள் எழுதிக்கொண்டாள். நான் வெற்றியோடு ஒரு செருப்பைக் கழற்றினேன். "இப்போ சொல்லு, என்ன கேக்க வந்தே?"

"ஒண்ணுமில்ல. தம்பி அந்த ரூம்ல இருந்து உங்களுக்குத் தொந்தரவு கொடுத்தது போதும், வேலை கெடைச்சிடுச்சு, ஞாயித்துக்கிழமை கம்பெனி விடுதிக்கே போயிடறேங்கறான், அனுப்பி வைக்கலாமான்னு கேக்க வந்தேன்."

ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு கையில். அப்படியே நின்றேன்.

"எனக்கும் அவனை அங்க அனுப்ப மனசே இல்லீங்க. ஒரு ரூமுக்கு ஆறு பேராம். வாய்க்கு ருசியா சாப்பிடறவன் அவன். ஆனா உங்க மேஜையை நினைச்சு மனசைக் கல்லாக்கிக்கிட்டேன். நீங்க இவ்வளவு பெரிய மனசு வச்சிருப்பீங்கன்னு நினைக்கவே இல்ல."

"ரொம்ப நன்றி அத்தான்" என்றான் அவன். கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

"இல்ல! நான் அதுக்குச் சொல்லல! போகட்டும்! இப்பவே போகட்டும்! ஞாயித்துக்கிழமை எதுக்கு?"

"ரெண்டாவது விதிப்பா" என்றாள் மகள். "நீங்களே வந்து கேட்டாலும் திரும்ப எடுக்க முடியாது."

"எங்க, அந்த நோட்டைக் குடு!"

பிடுங்கிப் பார்த்தேன். 'வெள்ளிக்கிழமை. மாமா விடுதிக்குப் போகும் யோசனை. அப்பா வீட்டோ.' அழகான கையெழுத்து. தொட்டுப் பார்த்தேன், மை காய்ந்திருந்தது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் எழுதிய மை அல்ல. நான் வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். சற்று முன் மகள் எழுதியது நேரத்தை மட்டும்தான்: ஆறு பத்து.

கத்தினேன். சதி என்றேன், துரோகம் என்றேன், பெற்ற மகளே என்றேன். "பூனை" என்றாள் மகள். கோபத்தில் பால்கனிக்குப் போய் மேஜைமேல் ஓங்கிக் குத்தினேன். திறக்காத ஏழு இழுப்பறைகளில் ஒன்று திறந்துகொண்டது. இருபது ஸ்க்ரூ ஒரே சமயத்தில் கீழே போயின. வாத்தியார் அன்றைக்குப் பார்த்து ஹெல்மெட் போட மறந்திருந்தார்.

அவர் படியேறி வந்துவிட்டார். மனைவிதான் சமாதானம் பேசினாள். பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்தாள். "சார் கீழ் வராந்தாவுல இடம் தர்றேங்கறார். மேலேருந்து விழறதுக்கு அங்கேயே இருந்துட்டா தேவலைங்கறார். மேஜையை அங்க போடலாமா?"

வாயைத் திறந்தேன். மகள் பேனாவைத் திறந்தாள். வீட்டோ என்றால் மேஜை பால்கனியிலேயே இருக்கும். திங்கட்கிழமை ஓனர் வந்து அங்கிருந்தும் தூக்கிப் போடுவார். வாயை மூடிக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில், என் பன்னிரண்டு இழுப்பறை மேஜையை இன்னொருவர் வீட்டு வராந்தாவுக்கு இறக்கிவிட்டோம். பின்பக்கம் நான் பிடிக்க, முன்பக்கம் பிடித்தவன் ரெண்டு வாரம். "பார்த்து அத்தான், படி" என்று எனக்கு வழி வேறு சொன்னான்.

சனிக்கிழமை மதியம் கேன்டீனில் சங்கச் செயலாளரைப் பிடித்து உலுக்கினேன். "என்னண்ணே வார்த்தை கொடுத்தீங்க நீங்க? என் மேஜையே போச்சு!"

"அன்னிக்கே சொல்ல வந்தேன். நீதான் பாதியில எழுந்து போயிட்டே. வீட்டோவை வச்சுக்கிட்டு ஒரு காரியத்தை நடக்க விடாமப் பண்ணலாம்ப்பா. நடக்க வைக்க முடியாது. அங்க பாரு."

மூலை மேஜையில் மேனேஜர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் ஃபேன் இல்லை. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு மூக்கு நுனிக்கு வந்து, தயங்கி, ரசத்தில் விழுந்தது. முதன்முறையாக அந்த ஆள்மேல் எனக்கு இரக்கம் வந்தது. அந்த இரக்கம் என்மேலேயே திரும்பியதும் மறுபடி கோபம் வந்தது. இது இருக்கும்வரை இவர்கள் என் வாயாலேயே என்னை ஆட்டிவைப்பார்கள். ஒழித்துக்கட்ட வேண்டியதுதான்.

வீட்டுக்குப் போனதும் டி.வி.யை அணைத்தேன்.

"எனக்கு வீட்டோ வேண்டாம். அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போடுங்க. பழையபடி எல்லாருக்கும் ஒரு ஓட்டு!"

"உங்க இஷ்டம்தாங்க" என்றாள் மனைவி. "ஆனா நம்ம கலந்து பேசி முடிவெடுக்கற குடும்பம். ஓட்டுக்கு விட்டுடலாம். வீட்டோவை எடுத்துடலாம்கறவங்க?"

என் கை மட்டும் மேலே போனது.

"இருக்கட்டும்கறவங்க?"

மனைவி, மகள், இப்போது விடுதிக்குப் போகவே முடியாத ரெண்டு வாரம்.

"இந்த முடிவுக்கே வீட்டோ!" என்று அலறினேன்.

"எந்த முடிவுப்பா?" என்றாள் மகள். "வீட்டோவை எடுக்கணும்கறதுதான் யோசனை. அதை நாங்களே தோக்கடிச்சுட்டோமே. தடுக்க அங்க என்ன மிச்சம் இருக்கு?"

"கத்தாதீங்க, உடம்புக்கு ஆகாது" என்று மனைவி டி.வி.யை மறுபடி போட்டாள். பிறகு தம்பியிடம், என் காதில் விழட்டும் என்றே சொன்னாள்: "பாவம்டா, இந்த வீட்டுல அவருக்குன்னு அது ஒண்ணாவது இருக்கட்டும்."